திறந்து பார்த்த செலவு

"வயித்த அறுத்துப் பாத்துட்டு, ஒன்னுமே இல்லன்னு தச்சி அனுப்புறீங்க. அதுக்கு நானூறு வெள்ளியா டாக்டர்?"

தங்கேஸ்வரி போட்ட கத்தலில் அந்த விலங்கு மருத்துவமனையே திரும்பிப் பார்த்தது.

"குட்டி போடாம இருக்க ஆபரேஷன் கேட்டீங்கக்கா. கர்ப்பப்பைய யாரோ ஏற்கெனவே எடுத்துட்டாங்க. இல்லாதத தேடுனதுலதான் நேரம் கூட ஆச்சு. மயக்க மருந்து, தையல் எல்லாம் அதே செலவுதான் லா."

"ஒரு வருஷமா என் வீட்டுல சாப்பிடுற பூனை! எவ அது, என் பூனை மேல கை வச்சவ?"

"தெரியலயே."

"கையில கிடைச்சா அவ வயித்த அறுப்பேன்!"

பூனைக் கூடையோடு ஜெலுத்தோங் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிறாள். பகலில் அவள் ஃபேக்டரிக்குப் போன பிறகுதான் அது வெளியே திரியும்.

மூன்றாவது மாடியில் மின்தூக்கி நின்றது. முக்காடிட்ட பெண் ஒருத்தி, கையில் பொரித்த மீனோடு உள்ளே வந்தாள். கூடைக்குள்ளிருந்து பூனை குழைந்து கத்தியது.

"லைலா! நேத்திலேருந்து உன்னத்தான தேடுறேன்!"

குனிந்தவள், மழித்த வயிற்றையும் புதுத் தையலையும் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே நான் ஆபரேஷன் பண்ணிட்டேனே! என்னைக் கேக்காம எவ மறுபடியும் இவ வயித்த அறுத்தது?"

"தெரியலயே," என்றாள் தங்கேஸ்வரி, ரசீதைக் கைப்பைக்குள் அமுக்கியபடி.