வெள்ளை வட்டம்

மிஷின் ரம்பத்தின் சத்தம் காதில் விழுந்ததும் சத்தியபிரியாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. காட்டைக் காப்பாற்றப் படிக்கிறவள், மரம் வெட்டும் சத்தத்துக்கு இப்படிச் சந்தோஷப்படலாமா என்று கேட்கக் கூடாது. வெட்டுப்படுவது வாட்டில்.

எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட அந்த மரம், கூக்கால் மலையின் சோலைக்காட்டை விழுங்கி, ஊற்றையும் குடித்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது ஊற்றுக்கண்ணை ஒட்டிய ஒரு துண்டுச் சோலை. அரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கும் அவளுடைய ஆய்வே அந்தத் துண்டைப் பற்றித்தான். அது போனால் ஊற்று போகும், அப்பாவின் பூண்டு வெள்ளாமையும் போகும்.

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊத்து வத்திரும்த்தா" என்று அப்பா சுந்தரராஜ் போன வாரம்கூடச் சொன்னார். அவளுக்கும் பெரிதாக நம்பிக்கை இல்லை. வாட்டிலை வெட்ட அனுமதி வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிட்டது.

ஒருவழியாக வெட்டுகிற ஆட்கள் வந்த நேரம் பார்த்துப் பரீட்சையும் வந்து நின்றது. அவசரத்தில் ரம்பம் தவறிப் பட்டுவிடக் கூடாதே என்று, சோலை மரம் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயிண்ட்டால் வட்டம் போட்டாள். பஸ் ஏறும்போது மேஸ்திரி கந்தவேலுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, மரத்துல பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன். பாத்து செய்யுங்க."

"அடிச்சாச்சா? அப்ப எங்க சோலி லேசாப் போச்சு. நீங்க நிம்மதியா எழுதிட்டு வாங்க பாப்பா."

எழுதிவிட்டு இன்றுதான் வந்திருக்கிறாள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். மேலே ரம்பம் நின்றது. சற்று நேரத்தில் கந்தவேல் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி இறங்கி வந்தார்.

"வெரசா முடிச்சிட்டோம் பாப்பா. இப்ப சாஞ்சதுதான் கடைசி மரம்."

"வாட்டில் அம்புட்டும் போயிருச்சாண்ணே?" கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. படித்த படிப்புக்கு இது ஒன்றாவது நடந்ததே.

கந்தவேல் புரியாமல் அவளைப் பார்த்தார். "வாட்டிலா? அது நின்ன மேனிக்கு நிக்குதுங்களே."

"அப்ப எதை வெட்டுனீங்க?"

"வெட்டுற மரத்துக்குத்தானே பாப்பா பெயிண்ட் அடிப்பாங்க?"