நாற்பத்திரண்டாவது கையெழுத்து

குணரத்தினம் மண்டபத்துக்குள் வந்தபோது அவர் கையில் காப்புறுதிக் கம்பனியின் கறுப்புத் தோல்பை இருந்தது. கதவோரம் நின்ற மூன்று பேர் கதையைப் பாதியில் நிறுத்தினார்கள். மேசையில் இருந்த வசந்தமலர் தன் கைப்பையை எடுத்துக் கையெழுத்துத் தாள்களின் மேல் வைத்தாள்.

பாபடோயிட்டோய் என்ற புறநகரில் தமிழ்ச் சங்கத்தின் மாதக் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. எல்லோரும் கட்டாயம் மருத்துவக் காப்புறுதி வாங்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போடப் போகிறதாம் என்ற பேச்சு, எண்பத்தெட்டாம் ஆண்டு அந்தக் குளிர்காலத்தில் அவர்களிடையே அடிபட்டுக்கொண்டிருந்தது. அதை எதிர்த்துத் தலைநகர் வெலிங்டனுக்கு அனுப்பும் மனுவுக்குத்தான் வசந்தமலர் கையெழுத்து வாங்கினாள். அரசாங்க ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் ஏழு வருடமாக வேலை செய்பவள். பணக்காரன் விரிப்பு, ஏழை விரிப்பு என்று அங்கே அவள் பிரித்து மடித்ததில்லை.

"இது உங்களுக்கான இடமில்லை, குணரத்தினம்" என்றாள். "சட்டம் வந்தால் வீட்டுக்கு வீடு யாவாரம் உங்களுக்குத்தானே."

அவர் கோபிக்கவில்லை. "நான் இப்ப வீடு வீடாய்ப் போறேல்லை, அக்கா. போன வருசம் உள்ளுக்கு எடுத்திட்டினம். கந்தோரிலை இருந்து, காப்புறுதி கேட்டு வாற போர்ம் பாக்கிறது" என்றார். பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"பதவி உயர்வோ?"

"ஓம். அப்பிடித்தான் சொன்னவை."

வசந்தமலருக்கு எரிச்சல் வந்தது. நாலு வருடத்துக்கு முன் மனுரேவாவில் அவள் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு, ஒரு பொலிசி எடுங்கோ அக்கா என்று இரண்டு மணித்தியாலம் கதைத்த மனிதர் இவர். பெண்சாதி யோகராணி மட்டும் என்ன? தூரத்தில் மாசி என்ற ஊரில் புது வீடு வாங்கிப் போனவள், ஏழெட்டு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"யோகராணி எங்கை? எங்களோடை இருந்து தேத்தண்ணி குடிக்க இப்ப மனமில்லையாக்கும்."

"வீட்டிலைதான்." அவர் கையை நீட்டி, "பேப்பரைத் தாங்கோ" என்றார்.

சங்கத்தின் செயலாளர் மகேசன் விரைந்து வந்தார். "குடுக்காதேங்கோ, அக்கா. ஆர் ஆர் கையெழுத்து வைச்சதெண்டு பாத்துப்போட்டுக் கம்பனியிலை சொல்லுறதுக்குத்தான் வந்திருக்கிறார்."

குணரத்தினம் மகேசனைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. கை நீட்டியபடி நின்றார். அந்தக் கையை அப்படியே விட்டுவைக்க மனம் வராமல், வசந்தமலர் தன் கைப்பையை நகர்த்தினாள்.

அவர் குனிந்து நாற்பத்திரண்டாவது வரியில் தன் பெயரை எழுதினார். பக்கத்தில் மாசி விலாசம். கடைசியில் கையெழுத்து.

மகேசன் தாளை எட்டிப் பார்த்தார். "உமக்கென்ன விசரோ? உமக்குச் சோறு போடப்போற சட்டத்தை நீரே வேண்டாமெண்டுறீர்."

"எங்களை வாங்கச் சொல்லிச் சட்டம் போடுவினம்" என்றார் குணரத்தினம். "எல்லாருக்கும் வித்தாக வேணுமெண்டு கம்பனிக்கு ஆர் போடுறது?"

தோல்பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதையும் மனுவோடை சேர்த்து அனுப்புங்கோ, அக்கா."

கம்பனியின் தலைப்புப் போட்ட ஆங்கிலக் கடிதம் அது. விண்ணப்பதாரரின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதடைந்துகொண்டு வருவதால் அவரைக் காப்புறுதியில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று நாலே வரி. வசந்தமலர் மேலே ஏறிப் பெயரைப் பார்த்தாள். திருமதி யோகராணி குணரத்தினம். தேதி, எட்டு மாதத்துக்கு முந்தியது.

தேத்தண்ணியைப் பற்றித் தான் கேட்டது அவளுக்கு நெஞ்சில் குத்தியது. "ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

"சொல்ல வேண்டாமெண்டு அவ சொல்லிப்போட்டா. கிழமைக்கு மூண்டு நாள் அரசாங்க ஆஸ்பத்திரியிலை, ரத்தம் சுத்தமாக்கிற மெசினிலை படுக்கிறா. இதுவரைக்கும் அங்கை ஒருத்தரும் காப்புறுதி இருக்கோ எண்டு கேக்கேல்லை. இனிக் கேப்பினமோ தெரியாது."

மகேசன் ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கம் போட்டார். குணரத்தினம் இருக்கவில்லை.

"கம்பனிக் கடிதத்தை வெளியிலை குடுத்தால் வேலை போயிடுமே" என்றாள் வசந்தமலர்.

"போகும்" என்றார்.

அவள் கடிதத்தை மறுபடி வாசித்தாள். கடிதத்தின் அடியில் கையெழுத்து வைத்தவரின் பெயர்கூட இல்லை. மனேஜருக்காக என்று அச்சடித்து, அதன்மேல் அவசரமாக ஒரு கிறுக்கல்.

"சாகக்கிடக்கிற பொம்பிளைக்கு இப்பிடி நாலு வரி எழுதிப்போட்டு, பேரைக்கூடப் போடாமல்" என்றாள். "எந்த இரக்கமில்லாதவன் இதிலை கையெழுத்து வைச்சவன்?"

குணரத்தினம் தோல்பையை மெல்ல மூடினார்.

"போர்ம் என்ரை மேசைக்குத்தான் வந்தது, அக்கா. நான்தான் வைச்சனான்."