காணாமல் போன மைனஸ்

"ரெண்டு பேர் சீட்டையும் இன்னிக்கே கிழிச்சிடறேன்!"

மேனேஜரின் மேஜைக்கு எதிரே ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவின் இரண்டு பெண்கள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி குட்டை. மூன்று மாதமாகப் பேச்சு கிடையாது. ஒரு போர்வையை மடிப்பதில் வந்த தகராறு. இப்போதும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மூஞ்சியப் பார்த்துக்க மாட்டீங்க. நேரத்தை ஏமாத்தறதுல மட்டும் என்னா ஒத்துமை! ரெண்டு பேருக்கும் சராசரி முப்பத்தஞ்சு நிமிஷம். சொல்லுங்க தம்பி!"

பக்கத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த புரோகிராமர் காலரைத் தூக்கிவிடாத குறை.

"ஷிப்ட் முடியற நேரத்துக்கும் இவங்க கைரேகை வெச்சுட்டுப் போற நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் சார். ஒரு மாச எண்களையும் வரிசையாப் போட்டு, மொத்த வரிசைக்கும் 'ஆப்சொல்யூட்', சுருக்கமா 'ஆப்ஸ்'னு ஒரே வார்த்தை. மைனஸ் எல்லாம் பறந்துடும். இல்லேன்னா கூடுதலும் குறைச்சலும் ஒண்ணையொண்ணு அடிச்சிட்டு, தப்பு பண்றவங்க நல்லவங்களாத் தெரிவாங்க. என் புரோகிராமுக்கு டிமிக்கி கொடுக்கவே முடியாது."

குட்டைப் பெண் உடைந்துபோனாள்.

"பையன் மேல் மாடி வார்டுல இருக்கான் சார். அஞ்சு மணிக்கு மேல உள்ளே விட மாட்டாங்க. அதான் சீக்கிரம் ஓடிடறேன். மிச்சத் துணிய நைட் ஷிப்ட்காரங்க முடிச்சிடறாங்க. காலையில வந்தா எல்லாம் மடிச்சிருக்கு."

மேனேஜர் நெட்டையிடம் திரும்பினார். "உனக்கு யாரு இருக்கா வார்டுல?"

"யாருமில்ல."

"அப்புறம்?"

"அதான் கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே. எழுதிக்கோங்க."

என்ன திமிர்! மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, அந்த ஆப்ஸை எடுங்க. என்னிக்கு எவ்வளவு சீக்கிரம் ஓடினாங்கன்னு தேதிவாரியா மைனஸோட காட்டுங்க. மெமோவுல சேர்க்கறேன்."

புரோகிராமர் அந்த ஒரே வார்த்தையை அழித்தார். திரையைப் பார்த்தவர் அதை மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தார்.

மேனேஜர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார்.

"மூணாம் தேதி. குட்டை, மைனஸ் நாப்பது. நெட்டை... பிளஸ் நாப்பது."

"நாலாம் தேதி. மைனஸ் முப்பது. பிளஸ் முப்பது."

"ஒன்பதாம் தேதி குட்டை முழு நேரமும் இருந்திருக்கா. பூஜ்யம். நெட்டையும் பூஜ்யம்."

படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. மாதம் முழுக்க அப்படியேதான். அவர் பேனாவை மூடி, மெமோவை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

குட்டை மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா... அந்தத் துணியெல்லாம் நீங்களா?"

நெட்டை சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நாளைக்கு எத்தனை நிமிஷம்? அதையாவது முன்கூட்டியே சொல்லித் தொலை!"