பல்லி சொன்ன எண்பது

தமயந்தியின் மின்சார ஸ்கூட்டர் பேட்டரிக்கு முழுசாக நிரம்புவதென்றாலே ஆகாது. எண்பது சதவீதத்தோடு நிறுத்தினால் நெடுநாள் உழைக்கும். ஆனால் அவளோ தினமும், "ஃபுல்லாவே ஏறட்டும், அதான் நல்லது" என்பாள். உடனே சார்ஜர் மேலிருந்து பல்லி கத்தும். "பாரு, பல்லியே சொல்லிடுச்சு" என்று அப்படியே விட்டுவிட்டுப் போவாள்.

பேட்டரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. "பல்லியக்கா, என் ஆயுசோட ஏன் விளையாடுறீங்க?"

"உன் ஆயுசை நான் எங்க கண்டேன் கண்ணு? சார்ஜர் ஓடினா எனக்குக் கதகதப்பா இருக்கு, அவ்வளவுதான்."

"நல்லாயிருக்கே! நான் செத்தா புதுப் பேட்டரி வரும். அதுகூடவே புது சார்ஜரும் வரும். இந்த சார்ஜரைக் குப்பையில போட்டுருவாங்க. அப்ப எங்க படுப்பீங்க?"

பல்லியின் வால் ஒருமுறை துடித்தது.

மறுநாள் தமயந்தி, "மெக்கானிக் எண்பதோட நிறுத்தச் சொல்றாரே, செய்யலாமா?" என்று வாய்விட்டு யோசித்தாள். அவள் முடிப்பதற்குள் பல்லி மூன்று முறை கத்தியது. அன்று எண்பதானதுமே பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

நான்கு வருஷமாக வண்டி பிரமாதமாக ஓடுகிறது. "எங்க வீட்டுப் பல்லி சொன்னா அப்படியே பலிக்கும்" என்று தமயந்தி சொல்லப்போய், தெருவில் கல்யாணப் பேச்சென்றாலும் அங்கே வந்துதான் பேசுகிறார்கள். பல்லி கத்தும் அந்த நேரம் சார்ஜர் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று பேட்டரி மட்டும்தான் பார்க்கிறது.