மேகமலை வேண்டாம்

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து போகும் முதல் டூர். திரிஷா போனில் ரிசார்ட் தேடிக்கொண்டிருந்தாள்.

"மூணாறு போவோமா, அத்தை?"

"வேணாம்த்தா," என்றாள் மாமியார் பிச்சையம்மாள்.

"வாகமண்?"

"வேணாம்."

"மேகமலை? இந்தா, சின்னமனூர்ல இருந்து ஏறுனா வந்துரும்."

"அதுவும் வேணாம்."

திரிஷா போனை மேஜையில் பட்டென்று வைத்தாள். "எங்கம்மா கூட வர்றது உங்களுக்குப் பிடிக்கல. அதை நேரா சொல்லிருங்க. நாங்க தனியாவே போயிக்கிறோம்."



போன் அடித்தது. அம்மாதான். திரிஷா வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டாள். "மலைப்பக்கம் எந்த ரிசார்ட்டும் வேணாம்னுட்டாகம்மா, உன் சம்பந்தி."

"அப்பாடா!" என்றாள் அம்மா. "குமுளி கல்யாணத்துக்கு நானும் சம்பந்தியும் மட்டும் போனோம்ல? எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வந்தும், கொண்டை ஊசி வளைவுல அவுக பட்டுச்சேலையிலயே வாந்தி எடுத்துட்டேன். நீ ஆசையா கூப்பிடுற, நான் எப்படி மாட்டேன்னு சொல்ல? அதான் அவுகளையே சொல்லச் சொன்னேன்."

திரிஷா தலையைத் தூக்கவில்லை.

"கடலோரமா ஏதாவது பாரேன்த்தா," என்றாள் பிச்சையம்மாள். "ரோடு நேரா இருக்கும்."