மருந்தில்லாத தோட்டா

இதுவும் இறங்கவில்லை.

பிஸ்டலிலிருந்து கழற்றிய குழலை அவர் இடது கையில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். தோட்டா சரியாக இருந்தால் 'டொக்'கென்று விழுந்து உட்காரும். கவிழ்த்தால் தானாகக் கைக்கு வந்துவிடும். இது முழுக்க இறங்காமல் விளிம்பைத் துருத்திக்கொண்டு நின்றது.

நகத்தால் நெம்பி எடுத்துச் சிவப்பு டப்பாவில் போட்டார்.

அடுத்தது.

அரிசோனாவில் மே மாதம். கராஜில் இருந்த மின்விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசியது. காலையிலிருந்து நின்றதில் முழங்கால்கள் கனத்தன.

போன சனிக்கிழமை துப்பாக்கி சுடும் போட்டியில் மகளுடைய பிஸ்டல் இரண்டு முறை சிக்கியது. இரண்டாம் இடத்தில் இருந்தவள் பதினொன்றாவதாக முடித்தாள்.

தோட்டாக்கள் இவர் செய்தவை.

பதினாறு வருடங்களாக மகள் காந்திமதிக்கு இவர்தான் செய்து தருகிறார். டயர் கடையில் கழித்துப் போடும் ஈயத் துண்டுகளை உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டாக்குவார். அவள் சுட்டுத் தள்ளிய பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி வெடிமருந்து நிரப்பி, குண்டை மேலே வைத்து அழுத்துவார்.

நாளை மாநிலப் போட்டி. மாலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

ஆறு நாட்களாகத் தப்பு எங்கே என்று தேடினார். முதலில் ஈயத்தைச் சந்தேகப்பட்டார். பிறகு அச்சை. பிறகு, வேறு வழியில்லாமல், பிஸ்டலை.

கடைசியில் விரல் நுனிதான் கண்டுபிடித்தது. கூட்டின் வாயைப் போதுமான அளவு விரிக்கவில்லை. அழுத்தும்போது குண்டின் ஓரம் சீவப்பட்டு, மெல்லிய ஈய வளையமாக விளிம்பில் தங்கியிருந்தது. தடவினால் நெருடியது.

கண்ணுக்குத் தெரியவில்லை.

பரவாயில்லை. காரணம் கிடைத்துவிட்டது. சிக்கியவற்றைப் பிரித்துத் திரும்பச் செய்தால் ஆயிற்று.

சிவப்பு டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துப் தோட்டா பிரிக்கும் பிளாஸ்டிக் சுத்தியலின் தலைக்குள் பொருத்தினார். தரையில் ஓங்கித் தட்டினார். குண்டு கழன்று வந்தது. கூடவே மருந்து தட்டில் கொட்டியது. சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை.

அடுத்தது. ஒரு சிட்டிகை.

அடுத்தது.

ஏழாவதில் குண்டு மட்டும் வந்தது.

கூட்டைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் கொட்டவில்லை.

மருந்தில்லாத தோட்டாவைச் சுட்டால், அடியிலுள்ள பொறிமூடி மட்டும் வெடித்து, சத்தம் சின்னதாகத்தான் வரும். குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். போட்டியின் வேகத்தில் அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால், குழல் வெடிக்கும்.

கையிலேயே.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கைக் காட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒன்றைக்கூட விட்டதில்லை. இதையும் பார்த்திருப்பார். பார்த்து, மருந்து இருக்கிறது என்று நம்பியிருப்பார்.

வலது கண்ணின் நடுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று ஜனவரியில் டாக்டர் சொன்னார். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறதாம். வீட்டில் சொல்லவில்லை. கண்ணாடியை மாற்றச் சொன்னதாக மட்டும் சொல்லியிருந்தார்.



பிறகு, சரியாக இறங்கிய தோட்டாக்கள் இருந்த பச்சை டப்பாவையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றாகத் தட்டினார். தோள் கடுத்தது. இருபத்து நான்காவதில் மருந்து இரண்டு மடங்கு இருந்தது.

நிறுத்தவில்லை.

காந்திமதி உள்ளே வந்தபோது மேசை முழுக்கக் குண்டுகளும் காலிக் கூடுகளும் கிடந்தன. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னப்பா இது? எல்லாத்தையும் உடைச்சுட்டு இருக்கீங்க?"

அவர் நிமிரவில்லை.

"நாளைக்குக் கடைத் தோட்டாவே வாங்கிக்கோம்மா. இது வேண்டாம்."

கடைத் தோட்டாவைக் கையால் தொட மாட்டேன் என்று கிளப்பில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தவர்.

அவள் தட்டைப் பார்த்தாள். தனியாக ஒதுக்கி வைத்திருந்த அந்த இரண்டு கூடுகளைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"கார்ல இருக்குப்பா. ஆயிரம் ரவுண்டு."

"எப்பம் வாங்குன?"

"பிப்ரவரியில. பிராக்டிஸ்ல ஒண்ணு புஸ்ஸுன்னு போச்சு. அடுத்தத சுடாம நிறுத்திட்டேன். கழட்டிப் பார்த்தா குழலுக்குள்ள குண்டு நிக்குது."

மின்விசிறி ஒரு சுற்றுத் திரும்பி வந்தது.

"அதுக்கப்புறம் நான் குடுத்ததெல்லாம்?"

"பீரோவுல பூட்டி வச்சிருக்கேன்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"அப்பம் போன சனிக்கிழம சிக்குனது?"

அவள் ஒரு காலிக் கூட்டை விரல்களுக்கிடையில் உருட்டினாள்.

"அன்னைக்கு மட்டும் உங்களுதுப்பா. நீங்க பார்க்க வந்திருந்தீங்கல்ல."

அவர், அவள் பிஸ்டல் பிடிக்கும் வலது கையைப் பற்றி, விளக்குக்கு மிக அருகில் கொண்டுபோய், விரல் விரலாகப் பார்த்தார்.