காணாமற்போன பப்பாசி இலைகள்

“இண்டைக்கும் ரெண்டு இலையைக் காணேல்ல!”

மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த கனகசபாபதி, செருப்பைக் கூடக் கழற்றாமல் கத்தினார்.

வெள்ளவத்தையில் அந்த ஃபிளாட்டின் மொட்டைமாடி அவருடைய ராச்சியம். வல்லாரை, பொன்னாங்காணி, கற்பூரவள்ளி, துளசி எல்லாம் சாடிகளில். பப்பாசி மட்டும் பெரிய பீப்பாயில். பென்சன் எடுத்த நாள் முதல் அவற்றுக்குக் கொடுத்த செல்லத்தில் பாதியை மனைவிக்குக் கொடுத்திருந்தால் வீட்டில் சண்டையே இருந்திருக்காது.

“இலைதானேயப்பா, திரும்பத் துளிர்க்கும்” என்றாள் சரோஜினிதேவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

“இலை மட்டுமே? வெயிலுக்கு வேர் குளிரட்டுமெண்டு சாடிக்குக் கீழ தட்டு வைச்சுத் தண்ணி நிரப்பி விடுறன். ஒவ்வொரு நாளும் விடியமுன்னம் அதையும் ஆரோ கவிட்டு ஊத்துறான்! எல்லாம் உந்த மூண்டாம் மாடி மர்ஸூக்கின்ர வேலை.”

“தண்ணி தேங்கினா நுளம்பு பெருகிக் கடிக்குமெண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“துளசி நிக்கிற இடத்தில நுளம்பு அண்டாது. உமக்கென்ன தெரியும்?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். முப்பத்தைந்து வருஷ அனுபவம்.

அன்றே ஒரு முறைப்பாடு எழுதினார். ஞாயிறு நடக்கும் குடியிருப்பாளர் கூட்டத்தில் வாசித்து, மர்ஸூக்கை மொட்டைமாடிப் பக்கமே தலைகாட்ட விடாமல் செய்துவிட வேண்டும். கையும் களவுமாகப் பிடித்தால் இன்னும் நல்லது.

மறுநாள் விடியற்காலையே பிடித்தும் விட்டார்.

மர்ஸூக் குனிந்து துளசித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பையில் பப்பாசி இலை.

“கள்ளன்!” என்று கனகசபாபதி போட்ட சத்தத்தில் காகங்கள் பறந்தன.

“அங்கிள், இலை ஆன்ட்டிக்கிட்ட கேட்டுத்தான் எடுக்கிற. மகள் ஷிம்னாக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில ஈக்கிறா. இலைச்சாறு நல்லமெண்டு உம்மா சொன்னாங்க...”

கனகசபாபதிக்கு நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனாலும் கோபம் விடவில்லை.

“அதுக்குத் தண்ணியை ஏன் ஊத்துறீர்?”

மர்ஸூக் கவிழ்த்த தட்டைத் திரும்பச் சாடிக்குக் கீழே வைத்தார். மூச்சு வாங்க மேலேறி வந்த சரோஜினிதேவிதான் சொன்னாள்.

“போதுமப்பா! போன புதன் நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் சுகாதாரப் பரிசோதகர் வந்தவர். நுளம்புப் புழு நெளிஞ்சது உங்கட துளசித் தட்டிலதான்.”

“அப்ப... ஏன் என்னில வழக்குப் போடேல்ல?”

“‘ஆற்ற சாடி’ எண்டு கேட்டவர். நான் வாய் திறக்க முதல், இலை எடுக்க வந்து நிண்ட இவர் ‘என்டது’ எண்டிட்டார். உங்களுக்குப் பிரஷர், சொல்ல வேண்டாமெண்டும் என்னட்டக் கேட்டவர். பிள்ளையை ஆஸ்பத்திரியில விட்டிட்டு, நாளைக்கு உங்கட துளசிக்காகக் கோட்டுக் கூண்டில ஏறி நிக்கப் போறதும் இவர்தான்!”